ஓருலக அரசு: டமாஸ்கஸ் நகரம் கண்ட நூறாண்டு

நம் மஹல்லா நூலகத்தில் இஷாத் தொழுகைக்குப் பின் இளைஞர்கள் சிலர் நாளிதழ்களைப் புரட்டியவாறு உரையாடிக்கொண்டிருப்பது வழக்கம். அவ்வாறான ஓர் உரையாடலின்போது கல்லூரியில் பயிலும் தம்பி ஒருவர், "உலக நாடுகள் யாவும் ஒரே அரசின் கீழ் வந்துவிட்டால் எல்லையும் இராது, இராணுவமும் இராது, போரும் இராது அல்லவா? மனிதர்கள் ஏன் இதுவரை அதைச் செய்துகொள்ளவில்லை?" என்று கேட்டார். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமலே, "செய்துகொள்ளலாம் தம்பி. அந்த அரசு தவறு செய்தால் நாம் யாரிடம் போய்ச் சொல்வது?" என்றார்.

அவ்விரண்டு கேள்விகளும் நம்மை விட்டு அகலவில்லை. இக்கட்டுரை அவற்றிற்கு வரலாற்றில் விடை தேடும் முயற்சியாகும். உலக அரசைப் பற்றித் தத்துவ அறிஞர்கள் எழுதியவை ஏராளம். ஜெர்மானிய அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1795-ஆம் ஆண்டிலேயே நிரந்தர அமைதி குறித்துத் தனி நூல் எழுதினார். அவரே கூட உலகனைத்துக்கும் ஒரே அரசு என்பதை ஏற்கவில்லை. அது கொடுங்கோன்மையில் முடியும் என அஞ்சி, சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பையே பரிந்துரைத்தார். அந்த விவாதங்களை அறிஞர்களுக்கே விட்டுவிடுவோம். நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நகரத்தின் வரலாற்றை. ஷாம் தேசத்தின் தலைநகரான டமாஸ்கஸ், நம் முன்னோர் திமிஷ்கு என வழங்கிய நகரம் அது. நாடுகளை ஒன்றிணைக்கக் கடந்த நூறாண்டுகளில் நடைபெற்ற பெருமுயற்சிகளுள் பல, அந்நகரத்தின் தெருக்களில் தம் தழும்பைப் பதித்துச் சென்றிருக்கின்றன.

சர்வதேச சங்கமும் மைசலூன் களமும்

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிவுற்றபோது போர் வீரர்கள் மட்டுமே ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் மாண்டிருந்தனர். இனியொரு போர் மூளாதிருக்க நாடுகள் யாவும் ஒரு சங்கமாக இணைய வேண்டும் என அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் முழங்கினார். அதன் விளைவாக உருவானதே சர்வதேச சங்கம். 1920 ஜனவரி 10-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஜெனீவாவில் அதன் தலைமையகம் அமைந்தது. அதைக் கனவு கண்டவரின் சொந்த நாடான அமெரிக்காவோ கடைசி வரை அதில் சேரவில்லை.

சங்கம் பிறக்கும் முன்பே அதன் முகத்தில் ஒரு வடு ஏற்பட்டிருந்தது. எல்லா நாட்டு மக்களும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்ற கருத்துடைய வாசகம் ஒன்றை உடன்படிக்கையில் சேர்க்குமாறு ஜப்பான் பிரதிநிதிகள் பாரிஸ் மாநாட்டில் கோரினர். 1919 ஏப்ரல் 11-ஆம் நாள் அது குறித்து வாக்கெடுப்பு நடந்தது. 17 பேரில் 11 பேர் ஆதரித்தனர். ஆயினும், தலைமை வகித்த வில்சன், அனைவரும் ஒருமனதாக இசையாததால் அது நிறைவேறவில்லை எனத் தீர்ப்பளித்தார். உலகத்தை ஒன்றாக்கப் புறப்பட்ட உடன்படிக்கையில், மனிதர் யாவரும் சமம் என்னும் ஒரு வரிக்கு இடம் கிடைக்கவில்லை!

துருக்கிய உதுமானியப் பேரரசின் ஆளுகையிலிருந்து விடுபட்ட அரபு நாடுகளின் கதி என்ன என்பது அடுத்த கேள்வி. அம்மக்களின் விருப்பத்தை அறிய வில்சன் இருவரை அனுப்பினார். கிங், கிரேன் என்னும் அவ்விருவர் தலைமையில் சென்ற குழு 1919 கோடையில் பாலஸ்தீனத்திலும் சிரியாவிலும் ஊர் ஊராகச் சென்று 1,800-க்கும் மேற்பட்ட மனுக்களைப் பெற்றது. டமாஸ்கஸில் கூடிய சிரியப் பேராயம் தெளிவாகவே சொன்னது: எங்களுக்கு முழுச் சுதந்திரம் வேண்டும், உதவி தேவையெனில் அமெரிக்காவிடமோ, அதுவும் இயலாதெனில் பிரிட்டனிடமோ பெற்றுக்கொள்கிறோம், பிரான்ஸ் மட்டும் வேண்டாம். அக்குழுவின் அறிக்கை உடனே வெளியிடப்படவில்லை. 1922-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அது அச்சில் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

1916-லேயே பிரிட்டனும் பிரான்ஸும் அப்பகுதியை இரகசியமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. சர்வதேச சங்கத்தின் உடன்படிக்கையில் 22-ஆம் பிரிவு என்றொரு பிரிவு உண்டு. தம் காலில் தாமே நிற்க இன்னும் பக்குவம் பெறாத மக்களை, முன்னேறிய நாடுகள் சங்கத்தின் சார்பில் பொறுப்பேற்றுப் பேண வேண்டும் என்பது அதன் சாரம். 'மேண்டேட்' என்னும் பொறுப்பாட்சி முறை இதுவே. 1920 ஏப்ரலில் இத்தாலியின் சான் ரெமோ நகரில் கூடிய வல்லரசுகள், சிரியாவையும் லெபனானையும் பிரான்ஸுக்கும், பாலஸ்தீனத்தையும் இராக்கையும் பிரிட்டனுக்கும் அளித்தன. டமாஸ்கஸ் மக்கள் அதற்கு முந்தைய மாதமே தம் நாட்டைச் சுதந்திர நாடாக அறிவித்து, பைஸலை மன்னராகத் தேர்ந்திருந்தனர். அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

பிரெஞ்சுப் படை டமாஸ்கஸை நோக்கி அணிவகுத்தது. சிரியாவின் போர் அமைச்சர் யூசுப் அல்-அஸ்மா, வெல்ல முடியாது என்பதை அறிந்தே சிறு படையுடன் மைசலூன் என்னுமிடத்தில் எதிர்த்து நின்றார். 1920 ஜூலை 24-ஆம் நாள் அவர் அக்களத்தில் வீழ்ந்தார். மறுநாளே பிரெஞ்சுப் படை நகருக்குள் நுழைந்தது. சிரியாவின் மீதான பிரெஞ்சுப் பொறுப்பாட்சிக்குச் சர்வதேச சங்கத்தின் மன்றம் ஒப்புதல் வழங்கிய நாளும் ஒரு ஜூலை 24-தான், ஆண்டு 1922. பீரங்கி எடுத்துக்கொண்டதற்குச் சங்கம் சரியாக இரண்டாண்டு கழித்து முத்திரை வைத்தது எனலாம்.

அந்நாட்களில் இந்தியாவில் கிலாபத் இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்தது. மௌலானா முஹம்மது அலி தலைமையில் தூதுக்குழு ஒன்று 1920-இல் லண்டன் சென்று பிரதமர் லாயிட் ஜார்ஜைச் சந்தித்து, அரபு நாடுகளைப் பங்கிடாதீர் என வேண்டியது. சென்னை மாகாணத்தில் அவ்வியக்கத்தை நடத்திய யாகூப் ஹஸன் சேட் 1921-இல் கோழிக்கோட்டில் கைது செய்யப்பட்டார். இதில் ஒரு விந்தை உண்டு. பிரிட்டனுக்கு அடிமைப்பட்டிருந்த இந்தியாவும் சர்வதேச சங்கத்தின் தொடக்ககால உறுப்பு நாடே! 1937-இல் ஆகா கான் அச்சங்கத்தின் பேரவைக்குத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாற்காலி கிடைத்தது, நாட்டுக்கு விடுதலை கிடைக்கவில்லை.

பொறுப்பாட்சியைக் கண்காணிக்க ஜெனீவாவில் நிரந்தர ஆணைக்குழு ஒன்று இருந்தது. குறைகளைச் சொல்ல மக்களுக்கு வழியும் இருந்தது. எப்படி? சிரியாவில் வாழும் ஒருவர் பிரெஞ்சு ஆட்சியின் மீது புகார் செய்ய விரும்பினால், மனுவை அந்தப் பிரெஞ்சு ஆட்சியிடமே கொடுக்க வேண்டும். அது தன் குறிப்புடன் ஜெனீவாவுக்கு அனுப்பிவைக்கும். 'யாரிடம் போய்ச் சொல்வது' என்ற நம் பெரியவரின் கேள்விக்கு அந்தக் காலத்து உலக மன்றம் தந்த விடை இதுதான்.

1925-இல் ஜபல் துரூஸ் பகுதியில் சுல்தான் அல்-அத்ரஷ் தலைமையில் கிளர்ச்சி வெடித்து டமாஸ்கஸுக்குப் பரவியது. அக்டோபர் 18-ஆம் நாள் தொடங்கி பிரெஞ்சுப் பீரங்கிகளும் விமானங்களும் நகரைத் தாக்கின. புகழ்பெற்ற அஸ்ம் மாளிகை சேதமுற்றது. எரிந்துபோன ஒரு வட்டாரம் இன்றும் 'ஹரீக்கா', அதாவது 'தீ' என்ற பெயராலேயே வழங்குகிறது. ஆணைக்குழு 1926 பிப்ரவரியில் ரோம் நகரில் தனிக் கூட்டம் போட்டு இது குறித்து விசாரித்தது. பிரான்ஸைக் கடிந்தும் கொண்டது. ஆட்சி பிரான்ஸிடமே தொடர்ந்தது.

சங்கத்தின் முடிவு வேறோர் இடத்தில் எழுதப்பட்டது. நபித்தோழர்களுக்கு முதன்முதலில் அடைக்கலம் தந்த நஜ்ஜாஷி மன்னரின் ஹபஷா நாட்டை நாம் அறிவோம். அந்த எத்தியோப்பியா 1923 முதல் சங்கத்தின் உறுப்பு நாடு. முசோலினியின் இத்தாலி 1935 அக்டோபர் 3-ஆம் நாள் அதன் மீது படையெடுத்தது. சுமார் 50 நாடுகள் இத்தாலி மீது பொருளாதாரத் தடை விதிக்க இசைந்தன. ஆனால் படையை ஓட்டும் எண்ணெய் அத்தடைப் பட்டியலில் இல்லை. சூயஸ் கால்வாயும் இத்தாலியக் கப்பல்களுக்கு மூடப்படவில்லை. விஷவாயு வீசப்பட்டது. 1936 ஜூன் 30-ஆம் நாள் நாடிழந்த பேரரசர் ஹைலி செலாசி ஜெனீவாவுக்கு வந்து தம் தாய்மொழியான அம்ஹாரிக்கில் முறையிட்டபோது, பார்வையாளர் மாடத்திலிருந்த இத்தாலியப் பத்திரிகையாளர்கள் சீழ்க்கையடித்து இரைச்சலிட்டனர். அடுத்த மாதமே தடைகள் நீக்கப்பட்டன. சங்கம் அதன் பின்னும் பெயரளவில் பத்தாண்டு உயிரோடிருந்து 1946 ஏப்ரலில் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது.

பம்பாயில் ஒரு தீர்மானம்

'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். 1942 ஆகஸ்ட் 8-ஆம் நாள் பம்பாய் கோவாலியா குள மைதானத்தில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் தலைமையில் நிறைவேறிய அத்தீர்மானத்தில் உலகக் கூட்டாட்சி பற்றியும் ஒரு பகுதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உலகின் வருங்கால அமைதிக்குச் சுதந்திர நாடுகளின் உலகக் கூட்டாட்சி ஒன்று தேவை. அது அமைந்தால் நாட்டுக்கு நாடு தனிப் படைகள் வேண்டியதில்லை, கூட்டாட்சியின் படை ஒன்றே அமைதியைக் காக்கும். சிறுபான்மை மக்களின் பாதுகாப்புக்கு அது உறுதியளிக்க வேண்டும். விடுதலை பெற்ற இந்தியா அதில் மகிழ்ச்சியுடன் சேரும் என்பது அதன் கருத்து. பர்மா, மலேயா, இந்தோசீனா, டச்சு இந்தியத் தீவுகள், ஈரான், இராக் ஆகியவையும் முழு விடுதலை பெற வேண்டும் என்று அத்தீர்மானம் பெயர் சொல்லியே வலியுறுத்தியது.

தம் நாட்டுக்கே விடுதலை இல்லாத நேரத்தில், உலக அரசுக்கு ஆதரவாக அவர்கள் கை உயர்த்தினார்கள். ஆனால் 'சுதந்திர நாடுகளின்' என்ற சொல்லை முன்னே வைத்தார்கள். ஜெனீவாவின் இருபதாண்டு அனுபவம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. மறுநாள் விடியற்காலையில் ஆசாத் உள்ளிட்ட தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். அஹ்மத்நகர்க் கோட்டையின் கதவுகள் 1945 வரை அவர்களுக்குத் திறக்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோவும் டமாஸ்கஸும் ஒரே மாதத்தில்

1945 ஏப்ரல் 25-ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 50 நாடுகள் கூடி ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தை வரையத் தொடங்கின. இந்தியாவின் சார்பில் சர் ஆற்காடு இராமசாமி முதலியார் தலைமையில் சென்ற குழுவை அனுப்பியது பிரிட்டிஷ் அரசாங்கமே. முதலியார் அவர்கள் மறு ஆண்டு ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்திற்கு முதல் தலைவராகவும் ஆனார். சிரியாவின் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் அந்நாட்டுப் பிரதமர் பாரிஸ் அல்-கூரி. அவர் கிறிஸ்தவர், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டின் பிரதமர்.

மாநாட்டில் பெரும் சச்சரவு எழுந்தது 'வீட்டோ' எனப்படும் தடுப்பதிகாரத்தைப் பற்றியே. அமெரிக்கா, சோவியத் ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்து நாடுகளும் பாதுகாப்புச் சபையில் நிரந்தர இடம் பெறும். அவற்றுள் ஒன்று மறுத்தாலும் தீர்மானம் செல்லாது. ஆஸ்திரேலியாவின் எவாட் முதலானோர் சிறிய நாடுகளின் சார்பில் கடுமையாக எதிர்த்தனர். அப்போது அமெரிக்க செனட்டர் டாம் கான்னலி சாசன வரைவின் பிரதி ஒன்றைக் கையிலெடுத்துக் கிழித்துக் காட்டி, வீட்டோ வேண்டாமென்றால் சாசனமே இல்லை என்று உணர்த்தினார். சிறிய நாடுகள் அடங்கிப்போயின.

அந்த விவாதங்கள் நடந்துகொண்டிருந்த மே மாதம் 29-ஆம் நாள், டமாஸ்கஸ் நகரின் மீது பிரெஞ்சுப் பீரங்கிகள் மீண்டும் முழங்கின. நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டு அதன் காவலர்கள் கொல்லப்பட்டனர். நகர மக்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அந்த நாடாளுமன்றத்தின் பிரதமர் சான் பிரான்சிஸ்கோவில் அமைதிச் சாசனத்தின் மீது பேசிக்கொண்டிருக்கிறார். தாக்கிய நாட்டின் பிரதிநிதியும் அதே மண்டபத்தில் இருக்கிறார். அந்த நாட்டிற்கு நிரந்தர இடமும் வீட்டோவும் உறுதியாகிக்கொண்டிருக்கின்றன! பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் கடும் எச்சரிக்கை விடுத்து, தம் படைகளை இடையே அனுப்பிய பின்னரே தாக்குதல் நின்றது. ஜூன் 26-ஆம் நாள் பிரான்ஸும் சிரியாவும் ஒரே சாசனத்தில் கையெழுத்திட்டன.

அடுத்த நிகழ்ச்சி இதனினும் வியப்பானது. 1946 பிப்ரவரியில் சிரியாவும் லெபனானும் அந்நியப் படைகள் வெளியேற வேண்டுமெனப் பாதுகாப்புச் சபையில் முறையிட்டன. பேச்சுவார்த்தை நடத்தி இயன்ற விரைவில் வெளியேறலாம் என்ற மென்மையான தீர்மானம் ஒன்று பெரும்பான்மை பெற்றது. அது போதிய கடுமையுடன் இல்லை எனக் கூறி சோவியத் ரஷ்யா வீட்டோவைப் பயன்படுத்தியது. ஐ.நா. வரலாற்றின் முதல் வீட்டோ இதுவே, 1946 பிப்ரவரி 16. ஆயினும் பிரிட்டனும் பிரான்ஸும் பெரும்பான்மையின் கருத்துப்படியே நடப்போம் என அறிவித்தன. அவ்வாறே 1946 ஏப்ரல் 17-ஆம் நாள் கடைசி அந்நியப் படைவீரனும் சிரியாவை விட்டு வெளியேறினான். உலக மன்றத்தில் ஏழை நாடு ஒன்று வழக்குரைத்து, சட்டப்படி தோற்றும் நடைமுறையில் வென்ற அரிய நிகழ்ச்சி இது. போரால் களைத்த பிரான்ஸும், அதை நெருக்கிய பிரிட்டனும் அதற்குக் காரணம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அணுகுண்டு வெடித்த பின் வந்த அந்த ஐந்தாண்டுகளில்தான் உலக அரசு பற்றிய பேச்சு உச்சத்தை எட்டியது. அறிவியல் மேதை ஐன்ஸ்டைன் 1947-இல் ஐ.நா. பொதுச்சபைக்குத் திறந்த மடல் எழுதி உலக அரசை வலியுறுத்தினார். போரில் குண்டு வீசும் விமானமோட்டியாக இருந்து மனம் நொந்த கேரி டேவிஸ் என்னும் அமெரிக்கர், 1948-இல் பாரிஸில் தம் குடியுரிமையைத் துறந்து 'உலகக் குடிமகன்' எனத் தம்மை அறிவித்துக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் பொதுச்சபைக் கூட்டத்தினுள் எழுந்து நின்று உலக அரசு வேண்டுமென முழங்கினார். காவலர்கள் அவரை வெளியேற்றினர். 1949-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலேயே நூறு பேருக்கு மேல் ஐ.நா.வை உலகக் கூட்டாட்சியாக வளர்க்கும் தீர்மானத்தை முன்மொழிந்தனர். 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் அந்த ஆர்வம் அணைந்துபோனது.

தாமே விரும்பி இணைந்தபோது

வல்லரசுகளின் வஞ்சனையால்தான் இவையெல்லாம் தோற்றன என்று நாம் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் டமாஸ்கஸின் வரலாறு அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை.

1958 பிப்ரவரி 1-ஆம் நாள் சிரியாவும் எகிப்தும் ஒன்றாகி 'ஐக்கிய அரபுக் குடியரசு' பிறந்தது. துப்பாக்கி ஒன்றும் வெடிக்கவில்லை. கெய்ரோவுக்குச் சென்று இணைப்பை வேண்டி நின்றவர்களே சிரியர்கள்தாம். சிரிய ஜனாதிபதி ஷுக்ரி அல்-குவத்லி தம் பதவியைத் தாமே விட்டுக்கொடுத்தார். மக்கள் வாக்கெடுப்பிலும் இணைப்புக்குப் பெருத்த ஆதரவு. ஒரே மொழி, பெரும்பான்மையோர்க்கு ஒரே மார்க்கம், ஒரே தலைவர் நாசிரின் மீது இரு மக்களுக்கும் அளவிறந்த அன்பு. உலகில் இரு நாடுகள் அமைதியாக இணைவதற்கு இதைவிட உகந்த சூழல் வாய்ப்பது அரிது. கொடியில் இரு நட்சத்திரங்கள் பொறிக்கப்பட்டன.

மூன்றரை ஆண்டில் அது முறிந்தது. இணைப்புக்கு நாசிர் விதித்த நிபந்தனை, சிரியாவின் அரசியல் கட்சிகள் யாவும் கலைக்கப்பட வேண்டும் என்பது. கட்சிகள் கலைந்தன. சிரியாவை ஆள எகிப்தின் தளபதி அப்துல் ஹக்கீம் ஆமிர் அனுப்பப்பட்டார். சிரியப் படையில் எகிப்திய அதிகாரிகளின் கை ஓங்கியது. தலைநகராய் இருந்த டமாஸ்கஸ் மாகாண நகரமானது. ஒவ்வொரு கோப்பும் கெய்ரோவின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. 1961 ஜூலையில் வந்த தேசியமயச் சட்டங்கள் வணிகர்களையும் பகைக்க வைத்தன. அவ்வாண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் சிரிய அதிகாரிகள் கிளர்ந்தெழுந்து ஆமிரை விமானமேற்றி கெய்ரோவுக்கு அனுப்பிவைத்தனர்.

இங்கே வல்லரசுச் சூழ்ச்சியைக் குற்றம் சொல்வது அரைகுறையான விடை. சகோதரர்கள் தாமாகவே இணைந்தார்கள். ஆனால் குறை சொல்ல ஒரு மன்றமும், 'முடியாது' என்று சொல்ல ஒரு வழியும் இல்லாமல் இணைந்தார்கள். மைசலூனில் பறிக்கப்பட்டதை 1958-இல் அவர்களே கையளித்தார்கள் என்று சொன்னால் கசப்பாக இருக்கும். எனினும் உண்மை அதற்கு வெகு தொலைவில் இல்லை.

நம் கண்ணெதிரில் உள்ள ஒரு சிறு செய்தியை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். ஜமாஅத் என்னும் அமைப்பிடம் காவல்படை இல்லை, சிறைக்கூடம் இல்லை. ஆயினும் சொத்துத் தகராறும் குடும்ப வழக்கும் ஜமாஅத்தின் முன் வந்து, பெரும்பாலும் சமாதானமாய் முடிகின்றன. ஏன் கட்டுப்படுகிறார்கள்? சந்தா கொடுப்பவர் யாராயினும் ஆண்டுக்கொரு முறை பொதுக்குழுவில் எழுந்து, "இந்தச் செலவு எதற்கு?" என்று தலைவரைப் பார்த்தே கேட்கலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். இம்மலரின் பின்பக்கங்களில் வரவு செலவு அறிக்கை அச்சாகியிருப்பதும் அதற்காகவே. பக்கத்து மஹல்லாவும் நாமும் ஒரே நிர்வாகமாய் இணையலாமே என்ற பேச்சு எந்த ஊரில் எழுந்தாலும் முதலில் எழும் கேள்வி, வக்ஃபு சொத்தின் கணக்கு யார் கையில் என்பதாகவே இருக்கும். சிறியோர் பெரியோரைச் சந்தேகிப்பது குறுகிய மனம் என்று சிலர் சினப்பதுண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. அது நியாயமான கேள்வி. விடை கிடைத்தால் இணைவதற்குத் தடையில்லை.

ஆகவே, மனிதகுலம் அமைதியாக ஒன்றிணைய முடியுமா என்ற தம்பியின் கேள்விக்கு, ஒரே சிம்மாசனத்தின் கீழ் முடியாது, ஒரே விதியின் கீழ் துறைதோறும் முடியும் என்பதே நம் கருத்து. முடிந்தும் இருக்கிறது. 1874-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி அமைத்த அஞ்சல் ஒன்றியத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் ஒட்டும் தபால்தலையைச் சவூதியிலும் மலேசியாவிலும் உள்ள தபால்காரர் மறுபேச்சின்றி ஏற்று, நம் பிள்ளைகளின் வீட்டு வாசலில் மடலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். ஒன்றரை நூற்றாண்டாகப் போர்களையும் கடந்து அது நடக்கிறது. பெரியம்மையின் கதையும் அவ்வாறே. அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றையொன்று அணுகுண்டால் மிரட்டிக்கொண்டிருந்த காலத்தில், அந்நோயை ஒழிக்கும் திட்டத்தை 1958-இல் முன்மொழிந்தது ரஷ்யா. உலக சுகாதார நிறுவனத்தில் அதை முன்னின்று நடத்தியவர் ஓர் அமெரிக்க மருத்துவர். 1980 மே 8-ஆம் நாள் அந்நோய் உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அஞ்சலிலும் அம்மையிலும் வல்லவனுக்கு ஒரு விதி, எளியவனுக்கு ஒரு விதி என்று வைத்தால் வேலை நடவாது. ஒரு சேரியில் அம்மை மிஞ்சினால் அது அரண்மனைக்கும் வரும்.

வாளைப் பற்றிய விஷயத்தில் அந்த அச்சம் வல்லவர்களுக்கு இன்னும் வரவில்லை. 2011-இல் சிரியாவில் உள்நாட்டுக் கலகம் மூண்டபோது, அவ்வாண்டு அக்டோபர் 4-ஆம் நாள் பாதுகாப்புச் சபைத் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோவால் தடுத்தன. அடுத்த ஆண்டுகளில் சிரியா பற்றி மட்டும் ரஷ்யா பன்னிரண்டுக்கும் மேற்பட்ட முறை அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தியது. 2023 அக்டோபர் முதல் காஸா மக்களுக்காக வந்த தீர்மானங்களை அமெரிக்கா மீண்டும் மீண்டும் அவ்வாறே தடுத்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யா, தன்னைக் கண்டிக்கும் தீர்மானத்தைத் தானே தடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியின் பேனாவைப் பிடித்துக்கொள்ளும் இந்த முறையை எந்த மஹல்லாவும் ஏற்காது.

மாற்றம் அறவே இல்லை என்பதும் சரியன்று. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் விடுதலை பெற்று உறுப்பினர் எண்ணிக்கை பெருகியதும், 1965-இல் பாதுகாப்புச் சபையின் இடங்கள் 11-லிருந்து 15-ஆக உயர்ந்தன. 2022 ஏப்ரலில், லீக்டென்ஸ்டைன் என்னும் மிகச் சிறிய ஐரோப்பிய நாடு முன்மொழிந்த ஒரு தீர்மானம் பொதுச்சபையில் நிறைவேறியது. எந்த நாடு வீட்டோவைப் பயன்படுத்தினாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அது குறித்து விவாதிக்க வேண்டும் என்பது அதன் விதி. வீட்டோ நீங்கவில்லை. எனினும் அதைப் பயன்படுத்தியவரை உலகத்தார் முன்னிலையில் காரணம் கேட்க ஓர் இடம் ஏற்பட்டிருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோவில் வீட்டோவை எதிர்த்த சிறிய நாடுகளுக்கு அன்று ஓர் ஆறுதலும் தரப்பட்டது. சாசனத்தின் 109-ஆம் பிரிவின்படி, சாசனத்தை மறுபரிசீலனை செய்ய ஒரு பொது மாநாடு கூட்டலாம். பத்தாண்டுக்குள் அது கூடாவிட்டால் பொதுச்சபையின் பத்தாவது ஆண்டுக் கூட்டத் தொடரின் நிகழ்ச்சிநிரலில் அது வைக்கப்பட வேண்டும். அவ்வாறே 1955-இல் அது வைக்கப்பட்டது. தகுந்த காலத்தில் மாநாட்டைக் கூட்டுவது என அவ்வாண்டு நவம்பர் 21-ஆம் நாள் பொதுச்சபை தீர்மானித்தது. அந்தத் தகுந்த காலத்திற்கு இன்னும் நாள் குறிக்கப்படவில்லை.